முட்டி வலிக்கு ஒரு மெஷின்

"மச்சான்கிட்ட நாற்காலி வாங்கினேன் தம்பி. இன்னிக்கு வரைக்கும் முதுகு வலி விடல." ஸ்கேனரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார் தோன் வெனான்சியோ. "அன்னிக்கே சத்தியம் பண்ணிட்டேன். என் சொந்தக்காரன்னாலும் சரி, ஆபீஸ் ஆளுங்க சொந்தம்னாலும் சரி, எவன்கிட்டயும் ஒரு குண்டூசி கூட வாங்க மாட்டேன்."

"ரொம்பச் சரிங்க ஐயா," என்றான் ஃபெர்மின். வேறென்ன சொல்வான்? இன்றைக்கு இந்த மெஷினை விற்காவிட்டால் நாளையிலிருந்து கடைப்பக்கம் வர வேண்டாம் என்று அவன் முதலாளி மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

அசுன்சியோன் துறைமுகத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஆற்று வழியே வந்திறங்கும் சரக்கைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுப்பது தோனின் தொழில். ஒரு பெட்டி சோப்புக்கு ஒரு கட்டுக் காகிதம் என்று சேர்ந்து சேர்ந்து, சுவரே தெரியவில்லை.

அந்தக் கட்டுகளுக்கெல்லாம் காவல் தியோலிந்தா. எந்தக் காகிதம் கேட்டாலும் ஏணியில் ஏறி எடுத்துத் தருவாள். இப்போது அவள்தான் தெரெரே என்ற ஐஸ் மூலிகைத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், அறையில் இருந்த எல்லோருக்கும் சுற்றி வந்தது.

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனால் ஃபெர்மின் முறை வந்தபோது மட்டும் ஐஸ் ஜாடியை ஒதுக்கிவிட்டு, வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். பல் கூச்சக்காரன் அவன். பேசாமல் வாங்கி உறிஞ்சினான்.

"ஏம்மா, விக்க வந்தவனுக்கு ஐஸ் கூடக் கிடையாதா? சரியான கஞ்சப் பிசினாறி!" தோன் தொந்தி குலுங்கச் சிரித்தார். "இவதான் தம்பி, ஏணி ஏறி ஏறி முட்டி தேஞ்சு போச்சு, மெஷின் வாங்குங்க, மெஷின் வாங்குங்கன்னு என் உசுர எடுத்தவ."

ஃபெர்மின் ஒரு கட்டுக் காகிதத்தை மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். சரசரவென்று உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. "அவ்வளவுதாங்க ஐயா. இணையத்துல உங்களுக்குன்னு இருக்கிற ஃபோல்டருக்கு நேராப் போயிடுச்சு. செல்போனைப் பாருங்க."

தோன் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அட, நீல மை நீலமாவே இருக்குடா! கறுப்பா இருந்தா ஜெராக்ஸ்னு சுங்கத்துல மூஞ்சில தூக்கி எறிவானுங்க. ஆமா, நான் படுக்கையில இருந்துகிட்டே இதைப் பாக்கலாமா?"

"படுக்கையிலயும் பாக்கலாம், பார்பர் கடையிலயும் பாக்கலாம். வாடிக்கையாளர் பேரை அடிச்சா வந்து நிக்கும்."

"இதைக் கட்டி மேய்க்க எத்தனை பேர் வேணும்?"

"ஒருத்தரும் வேண்டாங்க ஐயா!"

கடையில் சொல்லிக் கொடுத்த வசனம். வாய் தானாக ஒப்பித்துவிட்டது.

தோன் செல்போனைக் கீழே வைத்தார். ஏணியைப் பார்த்தார், அப்புறம் தியோலிந்தாவைப் பார்த்தார். "ஒருத்தரும் வேண்டாமா? அப்ப இவளுக்கு இங்க என்ன வேலை?" என்றார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பவர்போலத்தான் கேட்டார்.

தியோலிந்தாவின் கையில் குவளை அப்படியே நின்றது.

"ஐயோ, அப்படி இல்லைங்க ஐயா! கரன்ட் போச்சுன்னா இது வெறும் டப்பா. வெயில் காலத்துல நம்ம ஊர் கரன்ட் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா?"

"ம்ம். அப்புறம்?"

"இணையம் படுத்துச்சுன்னா அதோட சேர்ந்து இதுவும் படுத்துக்கும். ஒரு ஸ்டேப்பிளர் பின் மாட்டினாக்கூடக் காகிதத்தைக் கடிச்சுக் குதறிடும். பக்கத்துலயே ஆள் இருந்தாத்தான் ஆகும். இந்த அம்மா மாதிரி விவரம் தெரிஞ்ச ஆள்." குரல் கெஞ்சியது.

தோன் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "அடேயப்பா! தன் சரக்கைத் தானே குறை சொல்றவனை இப்பத்தான் பாக்கறேன். நீ யோக்கியன்டா! உன்கிட்டதான் வாங்கணும். கொண்டா, எங்க கையெழுத்துப் போடணும்?"

"இன்னொரு தடவை யோசிச்சு..."

"யோசிச்சாச்சு." பேனாவைத் திறந்து நீல மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு திரும்பி, "இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்மா. உன் முட்டிக்கும் ஓய்வு கிடைச்ச மாதிரி ஆச்சு," என்றார். உபகாரம் செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில்.

"சரிங்க தோன்," என்றாள் தியோலிந்தா. குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகத்தைப் பூட்டினார்கள். அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னால், காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபெர்மின். விற்றுவிட்டான், அவன் வேலைக்கு இனி ஆபத்தில்லை. ஆனால் பிணம் தூக்குகிறவன்போல நடந்தான்.

தெருமுனையில் சீப்பா ரொட்டி விற்கிறவளைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்து நிழலில் தியோலிந்தா நின்றாள். அவன் பக்கத்தில் வந்து நின்றான். தலை நிமிரவில்லை.

"பாழாப்போன வாய். சும்மா இருந்திருக்கணும்," என்றான்.

தியோலிந்தா திரும்பி, அந்த மாடி ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. நம்ம வீட்டுல ஒருத்தருக்காவது வேலை இருக்கே."