மருந்து வைத்தவள்

கோப்பையை வாங்க நான் கையை நீட்டியபோது, இரண்டாவதாக வந்த அழகிரிசாமி குறுக்கே வந்து நின்றான்.

1937 பொங்கல். எங்கள் மில்லில் வருசா வருசம் நடக்கும் ஓட்டப் பந்தயம். எங்கள் ஊர் சூலூர் வரை ஓடித் திரும்பி வரவேண்டும்.

நான் ஜெயித்தது என் காலால் அல்ல, மருந்தால் என்று அவன் மில் டாக்டரிடம் சொன்னான். சந்தேகம் இருந்தால் என் ஆத்தாளையே கேட்கலாம் என்றான்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

போன வருசம் ஒருவன் அபின் தின்றுவிட்டு ஓடி, பாதி வழியில் சுருண்டு விழுந்தான். பிழைத்தது பெரும்பாடு. அதிலிருந்து மில்லில் ஒரு சட்டம் வந்தது. மருந்து தின்று ஓடினவனுக்கு ஆயுசுக்கும் பந்தயம் கிடையாது.

டாக்டர் வெளியூர்க்காரர். மருந்து என்றால் அவருக்கு அபின்தான். எங்கள் பக்கத்தில் அது வேறு. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளப் பெண்டாட்டி சோற்றில் கலந்து போடுவது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மில் தொழிலாளர் லைன் வீட்டிலேயே கிடப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குப் போவேன். ராமாமணி வந்த பிறகு, மாலைச் சங்கு ஊதியதும் சூலூரைப் பார்த்து ஓட்டம் பிடிப்பேன். விடிந்ததும் திரும்ப ஓடி வருவேன். பந்தயத்துக்கு நான் செய்த பயிற்சி அவ்வளவுதான்.

என் ஆத்தா முத்தாத்தாளுக்கு அது பொறுக்கவில்லை. மருமகள் மருந்து வைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். அப்புறம் ராமாமணி கையால் ஒரு வாய் தண்ணீர்கூட யாரும் வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு அவள் கச்சாயம் சுட்டுக் கொடுத்தால், தாய்மார்கள் பிடுங்கி எறிந்தார்கள். அவள் ஒரு நாளும் என்னிடம் அழவில்லை. எனக்குத்தான் மனசு கேட்காது. ஆத்தாளை எதிர்த்துப் பேச வாய் வராது.

டாக்டர் ஆத்தாளை முன்னால் அழைத்து, மருமகள் மருந்து கொடுத்தது உண்மையா என்று கேட்டார்.

எங்கள் ஊர்ச் சனம் பாதி அங்கேதான் நின்றது. ஆமாம் என்றால் என் ஓட்டம் போச்சு. இல்லை என்றால் அவள் இத்தனை நாள் சொன்னது பொய் என்றாகும். சொன்ன சொல்லை ஆத்தா மாற்றி நான் பார்த்ததே இல்லை.

அவள் கோப்பையைப் பார்த்தாள். அதை வைப்பதற்காக விளக்கு மாடத்தைக் காலையிலேயே காலி செய்துவிட்டு வந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மருந்துமில்லை, ஒண்ணுமில்லைங்க. பொண்டாட்டி மேல ஆசை, ஓடி வாரான். நாந்தான் பொறுக்கமாட்டாம சொல்லிப்போட்டனுங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கோப்பை என் கைக்கு வந்து, உடனே ஆத்தா இடுப்புக்குப் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பும் வழியில், பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ராமாமணி மடியிலிருந்த பொரியில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தியும் கை நீட்டினாள். எனக்குக் கோப்பை வாங்கியதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

எல்லோரும் முன்னால் போனதும் அழகிரிசாமியைத் திட்ட ஆரம்பித்தேன். ஊர்ப் பேச்சை அவன் காதுவரை கொண்டுபோன வாய் அழுகிப்போக என்றேன்.

ராமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது என்ர வாயுங்க. சந்தையில அவிய பொண்டாட்டியப் பாத்து, மருந்து வெச்சது நெசந்தான், வேணும்னா எங்க மாமியாளையே கேளுங்கன்னு சொன்னது நாந்தானுங்க."

ஊர் கூடின இடத்தில் ஆத்தா வாயாலேயே இல்லை என்று வரவைக்கத்தானா என்று கேட்டேன். ஆத்தா மட்டும் பிடித்த பிடியில் நின்றிருந்தால், ஆயுசுக்கும் என்னால் ஓட முடியாமல் போயிருக்குமே என்றேன்.

அவள் பொரியை என் கையில் கொட்டினாள்.

"போனாப் போச்சாதுங்க. நடந்து வந்தாலும் ஊடு அங்கதானுங்க இருக்கும்."