கடைசிக்கு முந்தைய பெயர்

14 மே, வியாழன்.

‘பெனல்டிமேட்’ என்றால் கடைசி என்று முந்தாநாள் இந்த நோட்டில் எழுதியிருந்தேன். தவறு. கடைசிக்கு முந்தையது என்று நேற்று மாலை ஆங்கில வகுப்பில் ஆசிரியர் திருத்தினார்.

புக்கிட் ரம்பாயில் எங்கள் கையுறைத் தொழிற்சாலையில், அடுக்கும் வேகத்தை வைத்துப் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். கடைசியில் இருப்பவருக்கு வெள்ளிக்கிழமையோடு வேலை போய்விடும். கடைசிப் பெயர் லுத்ஃபியா அக்கா. அதற்கு முந்தையது நான்.

காலையில் அக்காவிடம் சொன்னேன்: “நான் பெனல்டிமேட் லா அக்கா. தப்பிச்சிட்டேன்.”

“என்னைத்தான் தொரத்துவாங்க, இல்ல அனுசியா?”

“தொரத்துற வரைக்கும் ஏன் நிக்கிறீங்க? நீங்களே எழுதிக் குடுத்துட்டா மானமாவது மிஞ்சும்.”

ராஜினாமா கடிதத்தை ஆங்கிலத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அக்கா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

மாலையில் சூப்பர்வைசர் உஸ்மான் அண்ணன் கூப்பிட்டார்.

“லெட்டர் நீ எழுதுனதாமே? நல்லா இருக்கு லா.”

“தேங்க்ஸ் அண்ணே.”

“ஆனா தானா போனவங்க கணக்குல வரமாட்டாங்க. நாங்க ஒரு ஆளை நீக்கியே ஆகணும்.”

புதுப் பட்டியலை நீட்டினார். லுத்ஃபியா அக்காவின் பெயர் அதில் இல்லை. கடைசியில் என் பெயர் இருந்தது.

நாளை: சீருடையைத் துவைத்து, அடையாள அட்டையோடு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.