ஐந்தாவது மாடி

லிஃப்ட் நகரவில்லை. மின்விசிறியும் ஓயவே, உள்ளே காற்று கனத்தது.

ஆந்தை மணி பார்த்தாள். இன்றைக்குப் பார்த்தா இது மக்கர் பண்ண வேண்டும்?

ஐந்தாவது மாடியில் அவளுடைய வைவா. அது முடிந்தால் முனைவர் பட்டம். கேள்வி கேட்க வெளியூரிலிருந்து பேராசிரியர் ஒருவர் வருகிறார்.

ஆந்தை என்பது விடுதித் தோழிகள் வைத்த பெயர். ஆய்வேட்டை எழுத உட்கார்ந்ததிலிருந்து அவள் ஒழுங்காகப் படுத்ததே இல்லை. காப்பி, பிஸ்கட், மறுபடியும் காப்பி. கண் சொருகினால் போனை எடுத்துத் தேய்ப்பாள்.

"எனக்கு இதெல்லாம் பழகிடுச்சுடி" என்பாள்.

கதவு திறக்கட்டும் என்று பட்டனை அமுக்கினாள். அசையவில்லை. விரல் வலிக்க வலிக்க அமுக்கினாள். போனில் சிக்னல் இல்லை. கத்தலாம்தான், கேட்பவர்கள் சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருந்தது.

சுவரில் சாய்ந்தாள். எந்த இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறாளோ. காலுக்குக் கீழே வெறும் பள்ளம் என்று நினைத்தபோது கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

திடீரென்று கதவு திறந்தது.

எதிரே வாசல். காவலாளியின் நாற்காலி. அவள் மடக்கி மாட்டிய குடை, கம்பியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

தரைத்தளம்.

கையில் பையோடு நரைத்த தலைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். புகைப்படத்தில் பார்த்த முகம். வெளியூர்ப் பேராசிரியர்.

"இப்பதான் ஏறினீங்களாம்மா?"

"ஆமா சார்."

அவர் ஐந்தை அமுக்கினார். அதுவரை இருண்டிருந்த எண் பளிச்சென்று எரிந்தது. கதவு மூடத் தாமதிக்கவே, இன்னொரு பட்டனைத் தட்டினார். ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு அம்புகள். இவ்வளவு நேரமும் அவள் அமுக்கிக்கொண்டிருந்த அதே பட்டன்.

கதவு மூடியது. தரை மெல்ல மேலெழும்பியது.

"உங்க ஆய்வேட்டைப் படிச்சேன்" என்றார் அவர், அவள் கையிலிருந்த ஆய்வேட்டின் அட்டையைப் பார்த்துவிட்டு, நிதானமாக. "தூக்கம் கெட்ட மாணவங்களுக்குப் புத்தி மழுங்கிப்போறது அவங்களுக்கே தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. மேல போனதும் என் முதல் கேள்வி அதுதான். கண்ணால பார்த்த உதாரணம் ஒண்ணு சொல்லுங்க, போதும்."

அவள் எரியும் ஐந்தையே பார்த்தபடி நின்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."