கொம்புப் புழுவின் முதுகில்

எள் வயலைத் தின்று தீர்க்கும் கொம்புப் புழுவை மருந்தடிக்காமலே அடக்கலாம் என்று பூச்சியியல் ஆய்வாளர் செல்வநாதன் மூன்று வருடங்களாகச் சொல்லிவந்தார். இந்தப் பருவமும் தோற்றால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள். ஆட்கள் தினமும் புழுக்களை ஒன்றுவிடாமல் கையால் பொறுக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டார்கள். ஆனாலும் புழு பெருகியது. அவர்களில் அஞ்சலாட்சி பொறுக்கிய பாத்தியில் மட்டும் செடிகள் முழுசாக நின்றன.

“நீங்க மட்டும் என்னம்மா செய்யறீங்க?”

“திட்டாதீங்க சார். நான் எல்லாத்தையும் போடறதில்ல. புள்ளைங்கள முதுகுல சொமந்துக்கினு நிக்கிறத மட்டும் செடியிலயே வுட்டுடறேன். மனசு கேக்கல.”

அவள் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. அதன் முதுகெங்கும் அரிசி ஒட்டியதுபோல வெள்ளைக் கூடுகள். அவை புழுவின் பிள்ளைகள் அல்ல. அதன் உடலுக்குள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வந்த குளவிக் குஞ்சுகளின் கூடுகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடு திறந்தது. எறும்பிலும் சிறிய குளவி ஒன்று சிறகை உலர்த்திப் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. முட்டையிட அடுத்த புழுக்களைத் தேடி அவை காலை வெயிலில் பரவின. செல்வநாதன் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார்.

“பொறந்துடுச்சி சார்!” என்று சிரித்த அஞ்சலாட்சி, துவண்டு கிடந்த புழுவின் பக்கம் குனிந்தாள். “பெத்தவ பொழைச்சிக்குவாளா?”

அவர் வெயில் படாதபடி அந்த இலையை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.