வியாழக்கிழமைத் தலைவலி

“இது என்ன தலைவலி மகள், கலண்டர் பாத்து வருது?”

றம்ஸியா பில்களை மேசையில் விரித்து வைத்தாள். எல்லாம் ஒரே டிஸ்பென்சரி. எல்லாம் வியாழக்கிழமை. எல்லாவற்றிலும் ஒரே சொல்: தலைவலி.

கண்டியிலுள்ள அந்தத் தனியார் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களின் மருத்துவக் காப்புறுதியைக் கவனிப்பவள் றம்ஸியாதான். எதிரே நின்ற சஞ்சீவனி, இந்தியாவில் கோத்தகிரியிலிருந்து ஹோட்டல் முகாமைத்துவம் படிக்க வந்தவள். வந்து நாலு மாதம்.

“நிஜமாவே வலிக்குது மேடம்.”

“திங்கக்கிழமை வலிக்காதா?”

“எல்லா நாளும் வலிக்கும். டாக்டர் வியாழக்கிழமைதான் வரச் சொல்லியிருக்காங்க.”

அந்தப் பெண் றம்ஸியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன துணிச்சல் என்று நினைத்தாள் றம்ஸியா.

காப்புறுதிக் கம்பனி ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தது. பொய் பில் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையின் காப்புறுதியை நிறுத்திவிடுவார்கள். காப்புறுதி இல்லையென்றால் வீசா இல்லை. வீசா இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

“நீங்களே ஒருக்கா போய்ப் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுங்க,” என்றார் கல்லூரி மேலாளர் மோகனராஜ்.

எப்படிப் பார்ப்பது என்று றம்ஸியா முடிவு செய்துவிட்டாள். யாரென்று சொல்லாமல் நோயாளியாகப் போவது. தலைவலி என்று பொய் சொல்வது. தொட்டுக்கூடப் பார்க்காமல் டொக்டர் பில் எழுதிக் கொடுத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

அடுத்த புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினாள்.

பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது டிஸ்பென்சரி. பெயரை மட்டும் கொடுத்து நம்பர் எடுத்துக்கொண்டு ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே மகாவலி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு குழந்தை தாயின் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கியது. மின்விசிறி சுற்றச் சுற்ற, எதிரே இருந்தவர்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் மங்கிக்கொண்டே போனது. ஆறு நகர்கிறதா, தான் உட்கார்ந்திருக்கும் கதிரை நகர்கிறதா என்று அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

யாரோ அவள் நம்பரைச் சொன்னார்கள். இரண்டாம் தடவையாகச் சொல்கிறார்கள் போலிருந்தது.

டொக்டர் ஞானேஸ்வரிக்கு அறுபது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

“வாங்கோ, இருங்கோ. என்ன செய்யுது?”

“தலைவலி.”

டொக்டர் பில் புத்தகத்தைத் தொடவில்லை. நாடி பிடித்தார். பிரஷர் பார்த்தார். கண்ணிமையை மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“கடைசியா எப்ப நல்லா நித்திரை கொண்டனீங்கள்?”

நேற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் றம்ஸியா.

“உம்மா மௌத்தாக முந்தி,” என்று வந்தது.

“எவ்வளவு காலம்?”

“ஒம்பது மாசம்.”

“வீட்டில வேற ஆர்?”

“யாருமில்ல. அவர் கட்டார் நாட்டுல வேலை. கோல் எடுப்பாரு. நல்லா இருக்கேன்னு சொல்லுவேன்.”

“நல்லா இருக்கிறியளோ?”

அவ்வளவுதான் கேட்டார். றம்ஸியா பேச ஆரம்பித்தாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் “உம்மா” என்று கூப்பிட்டுவிடுவது. இறந்துபோன உம்மாவுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடுவது. விடிய விடிய முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது. யாரோ ஒருத்தி தன் குரலில் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. டொக்டர் ஒரு தடவையும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மழை விட்டதும் தெரியவில்லை.

சொல்லி முடித்தபோது உடம்பு இலேசாகிக் கண் சொக்கியது. அதற்குப் பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. வெட்கமாய்ப் போய்விட்டது.

“டொக்டர், நான் ஒரு கேஸைப் பத்திக் கேக்கத்தான் வந்தேன். சஞ்சீவனின்னு ஒரு பிள்ளை…”

“ஓம். அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை. தெரியாத ஊர், கதைக்க ஒருத்தருமில்லை. வியாழக்கிழமையில சனம் குறைவு, ஆறுதலாக் கதைக்கலாம் எண்டு வரச் சொன்னனான். மூண்டு மாசமா நித்திரை இல்லை. நித்திரை இல்லாட்டித் தலை வலிக்கும்தானே? அதைத்தான் எழுதினனான். ஏன் வலிக்குது எண்டு எழுத உங்கட படிவத்தில இடமில்லை.”

றம்ஸியா தலை குனிந்தாள். ரிப்போர்ட்டில் என்ன எழுதவேண்டும் என்று இப்போது தெரிந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது.

“எங்கட படிவமா? நான் யாருன்னு உங்களுக்குச் சொல்லவே இல்லையே டொக்டர்!”

டொக்டர் சிரித்தார்.

“போன கிழமையே சஞ்சீவனி சொல்லிப்போட்டாள். ‘எங்க இன்சூரன்ஸ் மேடம், றம்ஸியான்னு பேரு, என்னை விசாரிக்க வருவாங்க டாக்டர். என்னைப் பத்தி உள்ளதை அப்படியே சொல்லிடுங்க. ஆனா அவங்க தூங்கி ரொம்ப நாளாச்சு, முகத்தைப் பாத்தாலே தெரியுது. முதல்ல அவங்களைப் பாருங்க’ எண்டு.”