நான்காம் வரிசையில் பதினேழாவது

நானும் என் மச்சினனும் ஒரே அலுவலகத்தில்தான், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களுக்கு வரைபடம் போடுகிறோம். என் படங்கள் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வரும். அவன் படத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட விழாது. வீட்டுக்குப் போனால் மனைவி தம்பி புராணம் பாடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செவ்வாய்க்கிழமை அவன் சாப்பிடப் போயிருந்தபோது, அவனுடைய கிடங்குப் படத்தில் நான்காம் வரிசையின் பதினேழாவது ஸ்பிரிங்க்ளரை அழித்தேன். ஒருநாளாவது திட்டு வாங்கட்டும்.

வெள்ளிக்கிழமை படம் பாஸாகி வந்தது. மொத்தம் இருநூற்று நாற்பது, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்று முறை எண்ணினேன். இருநூற்று முப்பத்தொன்பதுதான் இருந்தது.

மாலையில் மனைவி படுக்கையறைக் கூரையைக் காட்டினாள்.

"தம்பி வந்து மாட்டிட்டுப் போனானா? எவ்வளவு நறுவிசா இருக்கு பாருங்க!"

சிவப்புக் கண்ணாடிக் குமிழோடு ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர். அந்தக் கூரையில் தண்ணீர்க் குழாயே கிடையாது. ஆனாலும் அதன் நுனியில் ஒரு சொட்டு நின்றது.

எங்காவது தப்பு பண்ணியிருப்பான் என்று கட்டிலில் ஏறி டேப் பிடித்து அளந்தேன். நான் தலை வைக்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்தது. ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை.