மத்தியானச் சாப்பாடு

கடலுக்குப் போன பிச்சை திரும்பவில்லை. கரை ஒதுங்கிய அவர் வல்லத்தில் ரத்தம் மட்டும் காய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் பரிமளாவும், அதே ஊர்க்காரரான ஏட்டு பெலிக்ஸும் விசாரிக்க வந்தார்கள்.

"கொன்னு கடல்ல தள்ளிட்டாய்ங்க மேடம்" என்றார் பெலிக்ஸ்.

கரையில் ஒரு வலைகூட நனையவில்லை. "பொணம் கெடைக்கிற வரைக்கும் ஊர்ல யாரும் மீனு, நண்டு தொட மாட்டோம்" என்று அழுதாள் பிச்சையின் மனைவி ஷர்லி. "அவரத் தின்னதையா நாங்க திங்கிறது?"

மத்தியானம் ஜீப்பில் பெலிக்ஸ் கேரியரைத் திறந்தார். கோட்டைப்பட்டினத்தில் வாங்கிய கடல் நண்டு. காலைக் கடித்து, ஓட்டை உறிஞ்சினார்.

பரிமளா தன் டப்பாவை மெதுவாக மூடினார்.

"நீங்களும் இந்த ஊருதானே பெலிக்ஸ்?"

"பொறந்ததே இங்கிட்டுத்தான் மேடம்."

"அப்ப சொல்லுங்க. பிச்சைய எங்க பொதைச்சீங்க?"